பின்வாசல் சாவி

கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சாவிப் பலகையில் இன்று காலை இன்னும் ஓர் ஆணி காலியானது.

பல் டாக்டர் நேரில் வரவில்லை. அவருடைய டிரைவர்தான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மஞ்சள் நூல் கட்டிய சாவியைக் கேட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஐயா வாங்கிட்டு வரச் சொன்னார் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தையல்காரி சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த வீட்டுக்குச் சாவிகள்தான் சோறு போடுகின்றன என்பது இந்தக் கதை கேட்க வாராவாரம் வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தையல்காரியின் கணவர் மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் தொட்டிக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். டாக்டர்களின் அறைகள், அலுவலகங்கள், பெரிய வீடுகள் என்று எங்கே கண்ணாடித் தொட்டி இருக்கிறதோ அங்கே இவர் இருப்பார். குழாயும் வாளியுமாகத் தண்ணீர் மாற்றுகிற வேலை என்பதால், ஆட்கள் இல்லாத விடுமுறை நாளில்தான் வரச் சொல்வார்கள். பின்வாசல் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். சாவிகளில் வாடிக்கையாளர் பெயரை அவர் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல். திருடன் கையில் சிக்கினாலும் எது எந்த வீட்டுச் சாவி என்று தெரியக் கூடாதாம். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்.

அவரைத்தான் போன வாரம் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது.

விஷயம் இதுதான். அவர் நெடுநாளாகப் பார்த்துவந்த ஓர் அலுவலகம் கை மாறியது. புதிதாக வந்த மேனேஜர், புது அனுமதி வாங்காத வெளியாட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று முன்வாசல் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். வாளி தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகவே போய் வந்த நம் ஆள் முன்வாசலைப் பார்த்தே பல காலம் ஆகிறது. வழக்கம்போல விடுமுறையன்று போனார், வேலையை முடித்தார், பூட்டிவிட்டு வந்தார். பின்வாசல் கேமராவில் அவர் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. திருடும் நோக்கத்தோடு அத்துமீறி நுழைந்தார் என்று புகார். அந்த அலுவலகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை கோர்ட்.

தையல்காரிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். தைக்க எடுத்த துணி எடுத்தபடியே கிடக்கிறது. கேஸ் நிரூபணமானால் ஜெயில் என்பது ஒரு பயம். ஜெயிலே இல்லாமல் வெறும் அபராதத்தோடு போனாலும், வீடு புகுந்த கேஸில் மாட்டியவர் கையில் அப்புறம் எவன் சாவி கொடுப்பான்? பலகையில் ஏற்கெனவே பாதி ஆணி காலி.

துணைக்கு என்று நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். தொட்டிக்காரரின் அக்கா. சலவைக் கடையில் வேலை. குடும்பத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஒரு விஷயத்தைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அதைச் செய்துவிட்டு வந்து நிற்பாள். பாசத்துக்குக் குறைவில்லை. தம்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்று ஸ்டேஷன் வாசலில் சாயங்காலம் வரை நின்ற கால் அவளுடையது.

டிரைவர் சாவியோடு போனதும் தையல்காரி நாத்தனாரிடம் மனசு விட்டு ஒன்றைச் சொன்னாள். பின்னறைத் தொட்டியில் இருக்கும் அந்த அலுவலகத்து மீனைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது, போலீஸ் வீட்டைத் தேட வந்தால் என்ன பண்ணுவது என்றாள். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே ஒரு சகுனம் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

கணவனும் மனைவியும் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒடுக்கமான மாடிப்படி ஏறினால் வக்கீலம்மாவின் அறை. மேஜை, நாற்காலி, ஜன்னல் கட்டை எல்லாவற்றிலும் கேஸ் கட்டுகள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். தொட்டிக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். போன வாரத்திலிருந்து அவர் எங்கேயும் முழுசாக உட்காருவதில்லை.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க" என்றாள் வக்கீலம்மா. "ஒரு இடத்துக்குள்ள போனது மட்டும் குத்தம் ஆயிடாது. போகக் கூடாதுன்னு தெரிஞ்சே போனீங்களா, என்ன எண்ணத்தோட போனீங்க, இதை அவங்கதான் நிரூபிக்கணும். நீங்க இல்லை."

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வரவேண்டாம் என்று யாராவது வாயால் சொன்னார்களா? இல்லை. போனில்? இல்லை. சாவியைத் திருப்பிக் கேட்டார்களா? அதுவும் இல்லை. உள்ளே இருக்கும்போது யாராவது வந்து வெளியே போ என்று சொல்லி இவர் போகாமல் இருந்தாரா? அங்கே இவரும் மீன்களும்தான் இருந்தார்கள்.

அனுமதி என்பது எழுதிக் கொடுத்தால்தான் என்றில்லை என்று அவள் விளக்கினாள். வருஷக்கணக்காக வந்து போகிற வழக்கமும் அனுமதிதான். கையில் கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்காதவரை அந்த அனுமதி இருக்கிறது என்று ஒருவர் நம்புவதில் நியாயம் உண்டு. முன்வாசலில் ஒட்டியதைப் பின்வாசல்காரர் பார்க்கவில்லை என்பதையும் கோர்ட்டில் சொல்லலாம். தொட்டிக்காரரின் முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது. தையல்காரிக்கும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

"உள்ளே இருந்து எதையாவது எடுத்துட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா" என்றார் தொட்டிக்காரர்.

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும், இப்போது சிவக்கவில்லை. ஆனால் பின்னறையில் அந்த மீன் இருக்கிறது. சொன்னால், தாலி கட்டியவரைத் தன் வாயாலேயே மாட்டிவிட்டதாகிவிடுமோ? சொல்லாவிட்டால், இந்த அம்மா ஒன்றும் தெரியாமல் கோர்ட்டில் போய் நிற்பாள். இரண்டும் பயமாக இருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ஏங்க... அந்தத் தட்டு மீன்?"

"அது எடுத்தது இல்லையே" என்றார் அவர், இதென்ன கேள்வி என்கிற முகத்தோடு. "உடம்பு சரியில்லாம இருந்துச்சு. கூட்டிட்டு வந்தேன்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். முதலிலிருந்து, நிதானமாக, ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள்.

அவர் சொன்னார். தட்டைப்போல வட்டமாக இருக்கும் மீன் அது, விலை கூடின ரகம். அன்றைக்குப் போனபோது நிறம் கறுத்து, தீனி எடுக்காமல், மூலையில் ஒதுங்கி நின்றது. அப்படியே விட்டால் மற்ற மீன்களுக்கும் தொற்றும். அதனால் அந்தத் தொட்டித் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னறையில் அதற்கென்றே ஒரு தொட்டி. உப்பு, இளஞ்சூடான தண்ணீர், வெளிச்சம் குறைவு. ஆஸ்பத்திரித் தொட்டி என்று பெயர். எந்த வாடிக்கையாளர் வீட்டு மீனுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இதுதான் நடைமுறை. குணமானதும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார். டாக்டர் நோயாளியைத் திருடுவாரா?

"சொந்தக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிட்டு வருவேன்மா. தொட்டி மூடியோட கைப்பிடியில. அது இருந்தா ஒரு மீன் ஆஸ்பத்திரியில இருக்குன்னு அர்த்தம். எங்க அக்கா கண்டுபிடிச்சது."

எக்ஸ்பிரஸ் கல்யாணத்துக்கு முன்னால் தம்பியோடு வேலைக்குப் போனவள். ஒரு வீட்டில் மீனைக் காணோம் என்று குழந்தைகள் அழுது ஊரைக் கூட்டியதற்குப் பிறகு இந்த ஏற்பாட்டைச் செய்தாள். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. புது மேனேஜருக்கு மட்டும் தெரிய வழியில்லை.

"இந்தத் தடவையும் மாட்டினீங்களா?"

"மாட்டாம வருவேனா?"

"கேமராவுல அது விழுந்திருக்குமா?"

இல்லை. கேமரா பின்வாசலைத்தான் பார்க்கிறது. தொட்டி வரவேற்பறையில் இருக்கிறது.

"இப்பவும் அங்க இருக்குமா?"

"மீன் திரும்பிப் போற வரைக்கும் இருக்கும்மா. அதைக் கழட்டறது எங்க வேலை. மத்தவங்க கைவைக்க மாட்டாங்க."

வக்கீலம்மா வேகமாக எழுதினாள். மீன் வீட்டில் இருப்பது புகார் கொடுத்தவர்கள் கேஸுக்குப் பலம்தான் என்று ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் திருடுகிறவன் நான் எடுத்துப் போகிறேன் என்று அடையாளம் வைத்துவிட்டுப் போவதில்லை. எந்த எண்ணத்தோடு உள்ளே போனார் என்பதற்கு அந்த ரப்பர் பேண்டைவிட நல்ல பதில் கிடைக்காது. திங்கட்கிழமை முதல் காரியமாகத் தொட்டியை இருக்கிற நிலையில் படம் எடுக்கக் கோர்ட்டில் கேட்கப் போகிறாள்.

"அதுவரைக்கும் அந்த மீன் உயிரோட, உங்க வீட்டுல, இருக்கிற தொட்டியிலயே இருக்கணும். அந்த ஆபீஸுக்கு உங்க வீட்டு ஆளுங்க யாரும் போகக் கூடாது. போன் பண்ணக் கூடாது. போலீஸ் எதைக் கேட்டாலும் வக்கீல் வரட்டும்னு சொல்லுங்க. முக்கியமா, மன்னிப்புக் கேக்கறேன்னு கிளம்பாதீங்க. இந்த மாதிரி கேஸ்ல அப்படித்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. நல்லவங்களுக்குத்தான் வாய் சும்மா இருக்காது."

தையல்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். படியிறங்கும்போது தொட்டிக்காரர் இத்தனை நாளில் முதல் தடவையாக, பசிக்குது என்றார்.

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எக்ஸ்பிரஸ் வழக்கமாகச் சாவி வைக்கும் இடத்தில், செருப்பு அலமாரிக்குக் கீழே, சாவி இருந்தது. உள்ளே போய்க் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு தொட்டிக்காரர் மீனைப் பார்க்கப் பின்னறைக்குப் போனார்.

தண்ணீர் இருந்தது. ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றுக் குழாயிலிருந்து குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மீன் இல்லை. மூடி போட்ட வாளியும் இல்லை.

அக்கா என்று அவர் கூப்பிட்ட குரல் கேட்டுத் தையல்காரி ஓடி வந்தாள். நாத்தனாரின் போனுக்கு அடித்தாள். மேஜைமேல் சார்ஜில் கிடந்த போன் அவளுக்குப் பக்கத்திலேயே அடித்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, உங்க அண்ணி மடியில வாளியை வச்சுக்கிட்டு ஆட்டோவுல போய் நேரமாச்சே என்றாள். எங்கே என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தொட்டிக்காரர் செருப்பில் காலை நுழைத்தார். தையல்காரி கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"நீங்க அந்தத் தெருவுல கால் வச்சா ஜாமீன் போயிடும். இங்கயே இருங்க. நான் போறேன்."

இதற்கு முன் கணவரிடம் இப்படி அதட்டிப் பேசியதாக அவளுக்கு நினைவே இல்லை. அவர் அப்படியே தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவிலிருந்தே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். நீங்களும் கேட்டைத் தாண்டிடாதீங்க, வெளியில நின்னு கூப்பிடுங்க, யார்கிட்டயும் எதையும் பேசாதீங்க என்று மட்டும் அவள் சொன்னாள். சிக்னல் ஒவ்வொன்றும் வேண்டுமென்றே சிவப்பாக விழுகிற மாதிரி இருந்தது. காலையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, என் பயத்தை அந்த மனுஷி காதில் ஏன் போட்டேன் என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டே போனாள்.

அலுவலகத்தின் கேட் திறந்துதான் கிடந்தது. இழுத்து மூடுகிற கேட், அது ஓடுவதற்குத் தரையில் ஓர் இரும்புத் தண்டவாளம். அதற்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் அவர்கள் இடம். தையல்காரி கால் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள். வாளியோட ஒரு அம்மா உள்ள இருக்காங்க, வெளியே வரச் சொல்லுங்க என்று காவலாளியிடம் கெஞ்சினாள். மேனேஜர் சார் பேசிட்டிருக்கார், இப்ப போக முடியாது என்றார் அவர்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எல்லாம் தெரிந்தது. வரவேற்பு மேஜை, அதன் பின்னால் ஓர் இளம்பெண், பக்கத்தில் நீலத் தண்ணீரோடு அந்தத் தொட்டி. நாத்தனார் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே டை கட்டிய மேனேஜர். அவர் தலையைத் தலையை ஆட்டினார். கையில் போனை நெஞ்சளவில், செங்குத்தாகப் பிடித்திருந்தார்.

கத்திக் கூப்பிட்டாள், கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் போகவில்லை. கண்ணெதிரே நடப்பதை நிறுத்த ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அந்த ஓர் அடிதான் கூடாது. பயத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஒருவழியாக நாத்தனார் வெளியே வந்தாள். காலி வாளியை வீசிக்கொண்டு, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள் மாதிரி வந்தாள்.

"நீ எதுக்கு ஓடி வந்தே? எல்லாம் முடிஞ்சுது. பையில வச்சு, தண்ணி சூடு சேர்ற வரைக்கும் மிதக்க விட்டு, பக்குவமாத்தான் விட்டேன். ஜம்முனு நீந்துது."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க அண்ணி?"

"என் தம்பிதான் எடுத்துட்டுப் போனான், மனசுல வச்சுக்காதீங்க, பொருளைக் கொண்டாந்து குடுத்துட்டோம், கேஸை விட்டுடுங்கன்னு சொன்னேன். எவ்வளவு தன்மையான மனுஷன் தெரியுமா? இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்கம்மான்னு போனைக் கையில வச்சுக்கிட்டே கேட்டார். சொன்னேன்."

தையல்காரியின் கண் நாத்தனாரின் மணிக்கட்டில் நின்றது. வளையலுக்கு மேலே ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்.

"இது ஏது அண்ணி?"

"தொட்டியில இருந்ததுதான். மீன் திரும்பிட்டா கழட்டணும்ல?"

தையல்காரி அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வக்கீலம்மா சொன்னதையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னாள். சொல்லச் சொல்ல நாத்தனாரின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவது தெரிந்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கேட்டை நோக்கித் திரும்பினாள்.

"திரும்ப மாட்டிட்டு வந்துடறேன். ஒரு நிமிஷம்."

தையல்காரி எழுந்து ஓடி அவள் கையைப் பிடித்தாள். வளையல் நெரிகிற அளவுக்குப் பிடித்தாள். "வேண்டாம் அண்ணி. இன்னொரு தடவை உள்ள போனா உங்க மேலயும் கேஸ் வரும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

நாத்தனார் நின்றாள். அவள் உதடு கோணியது. தம்பிக்கு நல்லது பண்ணத்தானே வந்தேன் என்று முணுமுணுத்தாள். அவளைப் பார்க்கத் தையல்காரிக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்றார்கள். காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் மெல்ல, "ஆனா அந்தப் பொண்ணு..." என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"வரவேற்புல உக்காந்திருக்கே, அதுதான். நான் வாளியோட போனதும் அவதான் தொட்டி மூடியைத் தூக்கிக் குடுத்தா. நான் பேண்டைக் கழட்டறதைப் பாத்துட்டு, மீனுக்குக் குணமாயிடுச்சாம்மான்னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லவே இல்லை. அவளாத்தான் கேட்டா."

அப்படியானால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பழைய ஆட்களிடமிருந்து தெரிந்துகொண்டிருப்பாள். மூடியில் பேண்ட் இருந்ததும் தெரியும், அது எதற்கு என்பதும் தெரியும். கோர்ட்டில் சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது.

"அப்ப மேனேஜர் எங்க இருந்தார்?"

"பக்கத்துலதான் நின்னார். ஏன்?"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேனேஜர் இரண்டு கையையும் வரவேற்பு மேஜைமேல் ஊன்றி, குனிந்து அந்தப் பெண்ணிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து தெருப் பக்கம் பார்த்தாள். தையல்காரியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் அவள் பார்வை போன திசையில் திரும்பினார். நடந்து வந்து, கண்ணாடிமேல் திரையை இழுத்துவிட்டார்.